ராசாவின் மேசைக்கு ஏறாத வடை

பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமைகளில் நம் காரின் பின்சீட்டில் உங்கள் இருவருக்கும் நடுவே ஒரு வெள்ளை நீலக் கொடி சுருட்டிக் கிடக்கும். நமது சபைக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. பள்ளிக்கூட மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, காலையில் கதிரை பரப்பி, மத்தியானம் கதிரை அடுக்கி வைத்துவிட்டு வருகிற ஆட்கள் நாம். மைக்கும் ஒலிப்பெட்டியும் பாஸ்டர் வீட்டில், டோலக்கு இன்னொருவர் வீட்டில், இஸ்ரவேல் கொடி நம் வீட்டில் என்று பங்கு பிரித்து வைத்திருக்கிறோம்.

"அப்பா, நாங்கள் யூத ஆக்களோ?" என்று மகன் ஒருநாள் கேட்டான்.

"இல்லையடா."

"அப்ப அந்த நாட்டில எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

கடவுள் ஆபிரகாமுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார், அவருடைய பிள்ளைகளுக்கு நன்மை நினைப்பவர்களுக்கு நன்மை வரும் என்று நாம் நம்புகிறோம் என்று பாஸ்டர் சொல்வதைச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். அது உண்மையான பதில்தான். நானும் அதை நம்புகிறேன். ஆனால் ஆர் இருக்கினம் என்று கேட்ட பிள்ளைக்கு அது காணாது என்று பிறகு பட்டது. அதனால் இதை எழுதுகிறேன். நான் ஊரில் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் அம்மா திருத்துவா. தமிழில் வாசிக்கப் பஞ்சியாக இருந்தால் அவவே வாசித்தும் காட்டுவா.

மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் இந்த வீட்டுக்கு வந்த முதல் வசந்தம் அது. பனி உருகி, முற்றம் சேறாகக் கிடந்த ஒரு ஞாயிறு காலையில் நான் கொடிக்கம்பைக் காருக்குள் சரித்துக்கொண்டிருந்தேன். குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். நீங்கள் 'மிஸ்டர்' என்று கூப்பிடுகிற அதே மனிதர்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், மனைவி காலமானபின் தனியே இருப்பவர். அவரும் மற்றவர்களும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசியதை எல்லாம் நான் நம் தமிழிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் ஞாபகத்தில் இருக்கிறது.

"அது எங்கட கொடி," என்றார்.

"ஓம்."

"எங்க கொண்டு போறீர்?"

"சேர்ச்சுக்கு."

"சேர்ச்சில அதுக்கு என்ன வேலை?"

"உங்கட நாட்டுக்காக ஜெபிக்கிறனாங்கள்."

அவர் குப்பைத்தொட்டியில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். "என்ன கேட்டு?"

"சமாதானம் கேட்டு."

"அது நாங்களும் கேக்கிறனாங்கள்தான். கொஞ்சக் காலமாய். ஒரு மூவாயிரம் வருஷம் இருக்கும்." கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "சரி, எங்களை உங்கட பக்கம் மாத்திறது எப்ப?"

"இண்டைக்கு இல்லை," என்றேன். வாயில் வந்தது அதுதான். அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிற்று.

அப்படித்தான் பழக்கம் வந்தது. அவருடைய ஒரே மகள் அந்த நாட்டில் கலியாணம் முடித்து இருக்கிறா. அங்கே ஆபத்துச் சங்கு ஊதினால் இங்கே இவருடைய கைத்தொலைபேசி அதிரும். அதிர்ந்தால் பின்முற்றத்துக்கு வந்து வேலியோரம் நிற்பார். மகள் அழைத்து, இருக்கிறேன் அப்பா என்று சொல்லும்வரைக்கும் நானும் இந்தப் பக்கம் நிற்பேன். இரண்டு பேரும் ஒன்றும் கதைப்பதில்லை. குண்டுச் சத்தத்துக்குள் இருந்து வந்தவனுக்கு அந்த நிற்பு சொல்லித் தர வேண்டியதில்லை.

அவர் போகிற ஜெப ஆலயத்தில் ஒவ்வொரு வசந்தத்திலும், அந்த நாட்டின் பிறந்தநாளை ஒட்டி ஒரு கூடுகை நடக்கும். யூதர்களும் எங்களைப் போன்ற சுவிசேஷ சபைக்காரர்களும் ஒன்றாகக் கூடிப் பாடி, ஜெபித்து, கடைசியில் அவர்கள் வைக்கும் விருந்தைச் சாப்பிட்டுவிட்டு வருவோம். அவர் எங்களையும் அழைத்தார். போகத் தொடங்கினோம். பாட்டிலும் ஜெபத்திலும் ஒரு குறையும் இல்லை. குறை இருந்தது மாமிக்குத்தான்.

மாமியை உங்களுக்குத் தெரியும். சபை முழுதும் மாமி என்று கூப்பிடுகிற, ஒருவருக்கும் சொந்த மாமி இல்லாத மாமி. மூன்றாவது வருஷம் கூடுகை முடிந்து காரில் வரும்போது அவ வாயைத் திறந்தா.

"தம்பி, வருஷா வருஷம் போய் அவையின்ட பந்தியில கை நனைச்சுப்போட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு வாறம். ஒரு வடையாவது குடுத்தமோ? நேசிக்கிறம், நேசிக்கிறம் எண்டு பாட்டில சொன்னால் காணுமோ?"

"அவை எங்கட சமையல் சாப்பிட மாட்டினம் மாமி. அவைக்கு ஒரு உணவுச் சட்டம் இருக்கு. கோஷர் எண்டு சொல்லுறது."

"அப்ப அந்தச் சட்டத்தில சமைப்பம். சட்டியை அவை தரட்டும், சாமானையும் அவை தரட்டும். கை மட்டும் எங்கட."

இதை வேலியோரம் அவரிடம் சொன்னேன். ஆலயத்துச் சமையலறைக்கு ஒரு குழு இருக்கிறதாம். அதில் பாதிப் பேருக்கு எங்களில் நம்பிக்கை இல்லையாம். "கோவிக்காதையும்," என்றார். "எங்களுக்கு அன்பாய் வாற ஆக்களைக் கண்டால் கொஞ்சம் பயம். முந்தி அன்பாய் வந்த கனபேர் கடைசியில ஞானஸ்நானத் தொட்டியைத்தான் காட்டினவை. கொடி பிடிச்சால் சந்தோஷம். பாட்டுப் பாடினால் சந்தோஷம். சாப்பாடு வேற. சாப்பாடு உள்ளுக்குப் போற சாமான்."

ஆனாலும் அவர் போய்க் குழுவில் எழுந்து நின்று கேட்டிருக்கிறார். அடுத்த வருஷம் பனி கரைகிற காலத்தில் வந்து சொன்னார்: "திறக்கினம். இவைக்கு நான் பொறுப்பு எண்டு சொல்லிப்போட்டன். ஒருமுறைதான் திறப்பினம். பிழைச்சுதோ, அந்தச் சமையலறையும் பூட்டு, என்ர வாயும் பூட்டு."

அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டுதான் கூடுகை நாள் மத்தியானம், ஆராதனை முடிந்த கையோடு, நாங்கள் நாலு பேர் அந்தச் சமையலறைக்குள் போனோம்: மாமி, உங்கள் அம்மா, டோலக்கு வாசிக்கிற அண்ணை, நான். வாசலில், கழுத்துச் சங்கிலியில் சமையலறைப் பூட்டின் திறப்பைக் கோத்திருந்த ஒரு வயதான அம்மா நின்றா. குழுவில் கடைசிவரைக்கும் வேண்டாம் என்று சொன்னவ அவதான் என்று பக்கத்து வீட்டுக்காரர் முதலே எச்சரித்திருந்தார். எங்கள் கைப்பைகளை அவ பார்த்த பார்வையில் உங்கள் அம்மா தன்னுடைய பையைத் தானாகவே திறந்து காட்டினா. மாமி அந்த இடத்திலேயே அவவுக்குத் 'திறப்புக்காரி' என்று பெயர் வைத்துவிட்டா.

உள்ளே ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். கறுத்த தாடிக்காரர், மொரோக்கோவில் பிறந்தவர், பிரெஞ்சு பேசுகிறவர். சமைப்பது எல்லாம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பதே அவருடைய தொழில். உங்கள் அம்மா கார்தெரியில், குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்து பழகின பிரெஞ்சில் அவரோடு கதைத்தா. கடலைப்பருப்பை அவர் காலையிலேயே தட்டில் பரப்பிப் பொறுக்கி ஊறப் போட்டிருந்தார். கறிவேப்பிலையை எங்களிடம் தரவில்லை. உப்புத் தண்ணீரில் அலசி, வெள்ளைத் தட்டில் வைத்து, விளக்குக்குக் கீழே பிடித்து, ஒவ்வொரு இலையாக முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பூச்சி ஒன்று போனாலும் சட்டம் பிழைத்துவிடுமாம்.

மாமிக்கு அந்த ஆளை நன்றாகப் பிடித்துவிட்டது. "இஞ்ச பார், ஒரு ஆம்பிளைப் பிள்ளை கறிவேப்பிலை ஆயிற வடிவை. இந்தத் தாடித் தம்பிக்குப் பொம்பிளை பாக்கட்டோ?"

உங்கள் அம்மா அதை அவருக்குச் சொன்னா. அவர் தலை நிமிராமலே, தனக்கு ஆறு பிள்ளைகள் என்றார்.

"ஆறோ! அப்ப தாராளமாய் வடை போடவேணும்," என்றா மாமி.

அரைத்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் போட்டுப் பிசைந்து, எண்ணெய்ச் சட்டி வைத்தாயிற்று. அப்போது தாடித் தம்பி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து, எங்களை ஒதுங்கச் சொல்லி, தானே அடுப்பைப் பற்றவைத்தார்.

பிள்ளைகளே, நம் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தமிழர் விழா என்றால் ஒரு பிரதம விருந்தினர் வந்து விளக்கேற்ற வேண்டும். நம் சபையில் குத்துவிளக்கு இல்லாவிட்டாலும் அந்தப் பழக்கம் இரத்தத்தில் கிடக்கிறது. சபையில் புது ஒலிப்பெட்டி வாங்கினபோதுகூட ஒருவரைக் கூப்பிட்டுத்தானே பொத்தானை அமர்த்துவித்தோம்? ஆகவே நெருப்பு நீலமாக எழும்பியதும் மாமி சீலைத் தலைப்பை இழுத்துவிட்டு நேராக நின்றா. டோலக்கு அண்ணை, "ஸ்தோத்திரம்!" என்றார். நான் கைதட்டினேன். உங்கள் அம்மா படம் எடுத்தா. தாடித் தம்பி ஒன்றும் விளங்காமல் எங்களைப் பார்த்து, மரியாதைக்குத் தலையைக் கொஞ்சம் குனிந்துவிட்டு, கேக் வந்திருக்கிறதா என்று பார்க்க மண்டபத்துக்குப் போனார்.

திறப்பு விழா முடிந்தது என்று நாங்களும் வேலையைத் தொடங்கினோம்.

முதல் சட்டி பொன்னிறமாக இறங்கியது. அடுத்ததற்கு வடை தட்டி முடியவில்லை. சும்மா எரிகிற நெருப்பை மாமியால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "ஆரோ ஆக்களின்ட காஸ், எரிஞ்சு கொண்டெல்லோ கிடக்கு," என்று டக்கென்று அடுப்பை நூர்த்து அணைத்தா. தட்டி முடிந்ததும் தானே திருகிப் பற்றவைத்தா. பிறகு மடமடவென்று சட்டி சட்டியாக இறங்கிற்று. எல்லாம் ஒரே பெரிய தட்டத்தில் மலையாகக் குவிந்தது. வாசம் மண்டபம்வரைக்கும் போய், அங்கே ஒலிவாங்கி சோதித்துக்கொண்டிருந்தவர் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தாடித் தம்பி திரும்பி வந்தார். எல்லோரும் சந்தோஷமாக இருந்த அந்த நேரத்தில் உங்கள் அம்மா அவருக்குக் கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டினா. "நீங்கள் அடுப்பு ஏத்தினது வடிவாய் வந்திருக்கு. உங்கட ஆக்களும் எங்களைப்போல இப்பிடி ஏத்தித்தான் தொடங்கிறவையோ?"

"தொடக்கம் இல்லை, மதாம்," என்றார் அவர். "எங்களுக்கான சமையலில எங்கட ஆள் ஒருத்தரின்ட கை கட்டாயம் இருக்கவேணும். நெருப்பை நான் மூட்டினால் நானும் சமைச்சதாய்க் கணக்கு. இல்லாட்டில் நாங்கள் சாப்பிடேலாது."

அம்மாவின் முகம் போன போக்கை இப்போதும் என்னால் சொல்ல முடியும். அவ வந்து எங்கள் மூன்று பேருக்கும் மெல்லச் சொன்னா. மாமி தான் திருகின அடுப்பைத் திரும்பிப் பார்த்தா.

டோலக்கு அண்ணைக்குத்தான் முதலில் கோபம் வந்தது. "அப்ப எங்கட கை பட்டால் தீட்டோ? இதை ஊரில கண்டனாங்கள்தானே. செம்பில தண்ணி தராத ஆக்களைக் கண்டனாங்கள்தானே. அதே கதைதான் இஞ்சையும்."

"வாயை மூடு," என்றா மாமி. "அதுவும் இதுவும் ஒண்டோ? ஊரில தீட்டுப் பாத்தவன் ஒருத்தன் உன்னோட அடுப்படியில நிண்டு கறிவேப்பிலை ஆய்ஞ்சவனோ? இந்தப் பிள்ளை கை வேண்டாமெண்டு சொல்லேல்லை. தன்ர கையையும் சேர் எண்டு சொல்லுது."

அண்ணை கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, இப்ப ஆருக்குத் தெரியும்? ஒருத்தரும் காணேல்லை. பேசாமல் தட்டத்தைக் குடுப்பம்," என்றார்.

நான் பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்காகக் கொடுத்த சொல்லைத்தான் நினைத்தேன். சொன்னால் அவருக்கு வெட்கம். சொல்லாவிட்டால் அவரை நம்பின அத்தனை பேருக்கும் நாங்கள் தெரிந்துகொண்டே செய்த களவு. நான் இப்படி யோசித்து முடிக்கமுன், மாமி கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு தாடித் தம்பிக்கு முன்னால் போய் நின்றா. அடுப்பைக் காட்டினா. தன் நெஞ்சைத் தொட்டா. நூர்ப்பதுபோல் ஒருதரம், பற்றவைப்பதுபோல் ஒருதரம் கையைத் திருகிக் காட்டினா. பிறகு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றா.

அவருக்கு விளங்கிவிட்டது. அவர் கோபிக்கவில்லை. எது முதல் சட்டி, எது பிறகு வந்தது என்று மட்டும் கேட்டார். மலையைக் காட்டினோம். அதற்குள் திறப்புக்காரி வந்துவிட்டா, பின்னால் பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார். நடந்ததை நான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைக்கத் துடைக்க அது முடியவே இல்லை. திறப்புக்காரி கழுத்திலிருந்த திறப்பைக் கையில் பிடித்துக்கொண்டா.

"ரபியைக் கேப்பம்," என்றார் தாடித் தம்பி. ரபி என்றால் அவர்களுடைய மத குரு. தொலைபேசியை வெட்டுப்பலகைக்குப் பக்கத்தில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார். ரபியின் குரல் களைத்த, இனிமையான குரல். இது பாணா, ரொட்டி வகையா என்று கேட்டார். இல்லை என்றோம். பச்சையாகச் சாப்பிடுகிற சாமானா என்றார். பருப்பை ஆர் பச்சையாகச் சாப்பிடுவது? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சமைத்த அம்மாவிடமே ஒன்று கேட்க வேண்டும் என்றார்.

"இந்தச் சட்டம் பெரிய சாப்பாட்டுக்குத்தான். ராசாவின்ட மேசைக்கு ஏறக்கூடிய சாப்பாட்டுக்கு. சின்னச் சாமானுக்கு இல்லை. அம்மாவைக் கேளுங்கோ: இந்த வடை ராசாவின்ட மேசைக்கு ஏறுமோ?"

நான் அதைத் தமிழில் சொன்னேன். டோலக்கு அண்ணை மாமியின் காதுக்குள், "இல்லையெண்டு சொல்லுங்கோ மாமி, இல்லையெண்டால் தப்பினம்," என்றார்.

பிள்ளைகளே, மாமியின் வடை உங்களுக்குத் தெரியும். மொன்றியலில் தமிழ்க் கலியாணம் எத்தனை நடந்திருக்கிறது, அத்தனையிலும் மாமியின் வடைதான் முதலில் முடியும். அந்தக் கையால் சுட்ட வடையை, ராசாவுக்கு ஆகாது என்று அந்த வாயே சொல்லவேண்டும். சொன்னால் பொய். பொய் சொல்லவும் மாமிக்கு வராது. ஓம் என்றால் மலை முழுதும் குப்பைக்குப் போய்விடும், அதோடு பக்கத்து வீட்டுக்காரரின் சொல்லும் போய்விடும். அவ எண்ணெயையே பார்த்துக்கொண்டு நின்றா.

"மாமி?" என்றேன்.

"பொறு தம்பி. யோசிக்கவேணும்." பிறகு தொலைபேசிக்குக் கிட்டப் போய், ரபிக்குத் தமிழ் தெரியும் என்பதுபோல நேராக அவரோடேயே கதைத்தா.

"ஐயா, ராசா என்ர வடையைச் சாப்பிடுவார். சாப்பிடாமல் விடமாட்டார். ஆனா மேசையில இல்லை. மேசையில வைக்க ஆறிப்போடும், ஆறின வடையை ராசாவுக்கு ஆர் வைக்கிறது? அவர் என்ன செய்வார் எண்டால், ஒருத்தரும் காணாமல் அடுப்படிக்கு வந்து, கிரீடத்தைக் கழட்டி ஒரு பக்கத்தில வைச்சுப்போட்டு, சட்டிக்குப் பக்கத்தில நிண்டபடி சுடச்சுட ஊதி ஊதித் தின்னுவார்."

நான் ஒரு சொல்லும் விடாமல் மாற்றிச் சொன்னேன். தொலைபேசியில் ஒரு இருமல்போல ஏதோ வந்தது. ரபி சிரிக்கிறார் என்று விளங்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நிண்டபடி," என்று தனக்குத்தானே சொன்னார். "மேசையில இல்லை, நிண்டபடி." வேறு இரண்டு காரணங்களும் தாடித் தம்பிக்கு எடுத்துச் சொன்னார். அது எனக்கு விளங்கவில்லை. முடிவு விளங்கிற்று: சாப்பிடலாம்.

"ஒரு சொல்லு," என்றார் ரபி கடைசியில். "இனிமேல் நெருப்பை நூர்க்க வேண்டாம் எண்டு அம்மாவுக்குச் சொல்லுங்கோ. எனக்கும் நாலு எடுத்து வையுங்கோ. வழியிலதான் நிக்கிறன். வந்து நிண்டு சாப்பிடுறன்."

பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய நல்ல கோட்டில் மாப் படிந்த என் கை பதிந்தது. தட்டிவிடவில்லை. அப்படியே மண்டபத்துக்கு ஓடினார்.

அங்கே போய் அவர் என்ன சொன்னாரோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் சமையலறை வாசலில் சனம். ராசா எப்படிச் சாப்பிடுவாரோ அப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று வந்தவர்கள். கோட்டுப் போட்ட வைத்தியர், கைத்தடிக்காரர், நமது சபைப் பிள்ளைகள், நீங்கள் இரண்டு பேரும், எல்லோரும் நின்றபடி, ஊதி ஊதி. தாடித் தம்பி அடுப்பைவிட்டு அசையவே இல்லை. ஒரு கையால் காஸ் திருகைக் காவல் காத்துக்கொண்டு மறுகையால் தின்றார். மண்டபத்தில் மேடையும் ஒலிவாங்கியும் வெறும் கதிரைகளும்தான் இருந்தன. கூடுகைத் தலைவர் இரண்டு முறை அறிவித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அவரும் உள்ளே வந்து ஒரு வடையை எடுத்தார்.

அந்த வருஷம் பாட்டும் ஜெபமும் சமையலறை வாசல் நடைபாதையில்தான் நடந்தன. வாசலில் கொடுத்த கடதாசிக் கொடியைப் பிடிக்க ஒருத்தருக்கும் கை காலியில்லை. டோலக்கு அண்ணை வடைத்தட்டம் ஒன்றைக் கவிழ்த்து அதிலேயே தாளம் போட்டார். நாங்கள் தமிழில் பாட, அவர்கள் எபிரேயத்தில் பாட, இடையில் ஒரே இடத்தில் இரண்டு கூட்டமும் சொன்ன சொல் எருசலேம்.

பாடிக்கொண்டிருக்கையில் பக்கத்து வீட்டுக்காரரின் தொலைபேசி அதிர்ந்தது. நான் பாட்டை விட்டு அவருக்குப் பக்கத்தில் போனேன். அவருடைய மகள்தான், முகம் தெரிய அழைத்திருந்தா. அங்கே இரவு, தெருவெல்லாம் வாணவேடிக்கை. அப்பா என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டா. மாமி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து ஒரு வடையைத் தொலைபேசிக்கு நேரே நீட்டினா. "வா மோனை, வந்து சாப்பிடு. உன்னையும் உன்ர ஊரையும் ஆண்டவர் காப்பார். வேலிக்கு அங்கால இருக்கிற பிள்ளையளையும் காக்கட்டும்." நான் மாற்றிச் சொன்னேன். அந்தப் பெண் ஆமென் என்றா. பக்கத்து வீட்டுக்காரரும் ஆமென் என்றார்.

வேலிக்கு அங்காலப் பிள்ளைகளுக்காக மாமி கேட்ட அந்த வரியை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். கோட்-டெ-நெய்ஜில் நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில், நீ அகதியாய் வந்தவன், நீ எப்படி அந்தக் கொடியைப் பிடிக்கிறாய் என்று கேட்ட நண்பர்கள் இருக்கிறார்கள். அது கேட்கவேண்டிய கேள்விதான். என்னிடம் பெரிய விடை இல்லை. ஒரு நாட்டுக்கு நன்மை கேட்கிற வாய், பக்கத்து நாட்டுப் பிள்ளை அழவேண்டும் என்று கேட்கக்கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்து சனம் கலைந்தபிறகு நான் சட்டி கழுவினேன். திறப்புக்காரி வந்து பக்கத்தில் நின்றா. அன்று முழுதும் அவ ஒரு வடையும் தொடவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன்.

"ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லும்," என்றா. "உங்களுக்கு எங்களிட்ட என்ன வேணும்? கடைசி நாளில நாங்கள் எல்லாரும் உங்களைப்போல ஆகிவிடுவம் எண்டுதானே நம்புறீர்?"

மழுப்பலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் மாமி அந்த அறையில் நிற்கையில் மழுப்ப வரவில்லை. "ஓம் அம்மா. அப்பிடித்தான் நம்புறன். அதை இல்லையெண்டு சொல்லேலாது. ஆனா அது ஆண்டவரின்ட வேலை. நாங்கள் இண்டைக்கு வந்தது வடை சுட."

"நான் அப்பிடி நம்பேல்லை," என்றா.

"தெரியும் அம்மா."

"நல்லது. இரண்டு பேருக்கும் தெரியும்." துவாயை எடுத்து நான் கழுவின சட்டியைத் துடைக்கத் தொடங்கினா. துடைத்துக்கொண்டே, தட்டத்தில் மீதியாகக் கிடந்த ஆறின வடையில் ஒன்றை எடுத்து ஒரு கடி கடித்தா. மென்றா. யோசித்தா.

"உப்புக் காணாது," என்றா ஆங்கிலத்தில்.

மாமிக்கு ஆங்கிலத்தில் தெரிந்த சொல் கொஞ்சம்தான். அதில் உப்பு ஒன்று. அந்தப் பக்கத்திலிருந்து கரண்டியோடு வந்தா. "ஆருக்கு உப்புக் காணாது? இவ்வளவு சனமும் திண்டு முடிச்சுது, ஒருத்தர் சொன்னதோ? ஆறின வடையைத் திண்டுபோட்டு உப்பைக் குறை சொல்லுறாவாம்!" திறப்புக்காரி தன் பாஷையில், தொனியைப் பார்த்தால், தன் அம்மா செய்த ஏதோ ஒன்றில் எவ்வளவு உப்பு இருந்தது என்று சொல்லத் தொடங்கினா. ஒருத்தி சொல்வது மற்றவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இரண்டு பேரும் நிறுத்தவும் இல்லை. திறப்புக்காரி கையிலிருந்த வடையை முழுதாகத் தின்றுவிட்டு, தொடர்ந்து சண்டை பிடிக்க இன்னொன்றை எடுத்தா.

பக்கத்து வீட்டுக்காரர் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனிப் பயமில்லை," என்றார் என்னிடம். "உப்பைக் குறை சொல்லத் தொடங்கிற்றா. எங்கட ஆக்கள் அதைச் சொந்தக்காரருக்குத்தான் சொல்லுறவை."

"எங்கட ஆக்களும்தான்," என்றேன்.